அல்சர்: தட்டில் இருப்பதும் மருந்துச் சீட்டில் இருப்பதும்

அல்சர் என்று தெரிந்ததும் நமக்கு வந்து சேரும் அறிவுரைகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவையாகவே இருக்கும். காரத்தை விடு, புளிப்பைத் தொடாதே, காபியை மற, வேளை தவறாமல் சாப்பிடு, எரிந்தால் பால் குடி. முன்சிறுகுடலில் புண் இருப்பதாக எனக்குத் தெரியவந்தபோதும் அப்படித்தான். அக்கறையோடு விசாரித்தவர்களில் ஒருவர்கூட, வலிக்கு என்ன மாத்திரை போடுகிறாய் என்றோ, வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா என்றோ கேட்கவில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகள் அவைதாம். சாப்பாட்டுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஆனால் நாம் வழக்கமாகக் கொடுக்கும் இடத்தைவிட அது மிகவும் சிறியது என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

வெறும் வயிற்றில் இரைப்பையினுள் இருக்கும் அமிலத்தின் பிஎச் அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையானது) பெரும்பாலும் 1.5 முதல் 3.5 வரை இருக்கும். இறைச்சியையே கரைக்கத் தொடங்கிவிடும் அந்த அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சினும் இரைப்பையின் சொந்தச் சுவரைத் தின்றுவிடாமல் காப்பது, அதன்மீது படிந்திருக்கும் சளிப்படலமும் அதனுள் சுரந்து அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும், சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மேற்படலச் செல்களும், அவற்றுக்குத் தடையின்றிக் கிடைக்கும் இரத்த ஓட்டமும் ஆகும். இந்தக் காவல் எங்காவது தளர்ந்து, அமிலம் மேற்படலத்தைத் தாண்டி உள்ளே அரித்து இறங்கினால் அதுவே புண். இரைப்பையில் வந்தாலும், இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலில் வந்தாலும் அடிப்படை இதுதான். காவலைத் தளர்த்துவதில் முதன்மையானவை இரண்டு: ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா; மற்றொன்று, ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகள். உலகில் வரும் வயிற்றுப்புண்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாலோ, இரண்டும் சேர்ந்தோ வருபவை.

அப்படியானால் நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் அல்சர் வருகிறது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அது வெறும் கட்டுக்கதை என்று நான் நினைக்கவில்லை. சரியாகக் கவனித்துவிட்டுத் தவறாகக் காரணம் சொன்னதால் பிறந்த நம்பிக்கை அது. உணவு இரைப்பையில் இருக்கும்வரை அமிலத்தின் கூர்மையைத் தணித்து வைக்கிறது. உண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, உணவு கீழே இறங்கிய பிறகும் அமிலச் சுரப்பு உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அந்த நேரத்தில் முன்சிறுகுடலில் ஏற்கெனவே இருக்கும் புண் எரிகிறது. நள்ளிரவிலும் அதே கதை. மேல்வயிற்றின் நடுவில் குடைவதுபோல் வலித்து உறக்கத்தைக் கலைக்கும் அந்த வலி எதையாவது சாப்பிட்டால் சற்று நேரம் அடங்கிவிடும். பசித்தால் வலிக்கிறது, உண்டால் அடங்குகிறது என்று அன்றாடம் உணர்பவர், பட்டினிதான் புண்ணை உண்டாக்கியது என்று முடிவுகட்டுவதில் வியப்பில்லை. உண்மையில் பட்டினி புண்ணைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. இரைப்பைப் புண்ணில் பலருக்கு நேர்மாறாகச் சாப்பிட்டதுமே வலி கூடும். இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துப் புண் எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது. வலியே இல்லாத புண்களும் உண்டு. குறிப்பாக வலி நிவாரணிகளால், அதுவும் முதியவர்களுக்கு வரும் புண்கள், ஒருநாள் இரத்தம் கசியும்வரை எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும்.

மருத்துவ உலகமே நெடுங்காலம் சாப்பாட்டின்மீதும் அமிலத்தின்மீதும்தான் பழி போட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1910இல் குரோவேஷிய அறுவை மருத்துவர் கார்ல் ஷ்வார்ட்ஸ், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்றார். அந்தச் சொல் தவறில்லை. ஆனால் அமிலத்தைத் தாண்டி யோசிக்கும் வழியை அது அடைத்துவிட்டது. 1915இல் சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ரம் சிப்பி வகுத்த உணவுமுறையில், நோயாளி மணிக்கு ஒருமுறை பாலும் பாலாடையும் கலந்து குடிக்க வேண்டும், இடையிடையே அமிலத்தை முறிக்கும் காரத்தன்மையுள்ள (alkaline) பொடிகளை உட்கொள்ள வேண்டும். பல பத்தாண்டுகள் இது கோலோச்சியது. அதைப் பின்பற்றியவர்களில் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதானது. பால்-கார நோய்க்குறி என்று மருத்துவ நூல்களில் தனிப்பெயர் பெறும் அளவுக்கு அது நிகழ்ந்தது. மறுபக்கம் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதும், அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பைத் துண்டிப்பதும் அன்றாட அறுவைச் சிகிச்சைகளாக இருந்தன. பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் உருவான, அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் மாத்திரை 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த பிறகு கத்திக்கு வேலை பெருமளவு குறைந்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பி வந்தது. அல்சர் ஆயுள் முழுவதும் கூடவே வரும் நோய் என்ற எண்ணம் நம் முந்தைய தலைமுறையிடம் வேரூன்றியதற்கு அதுவே காரணம்.

கிரேக்கத்தில் ஜான் லைகூடிஸ் என்ற மருத்துவர் 1958 முதலே அல்சருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். மருத்துவ உலகம் அவரை நம்பவில்லை. பாராட்டுக்குப் பதிலாக அபராதம்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், 1979இல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார். அந்த அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்பதே அன்றைய பாடம். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்து அக்கிருமியை வளர்க்கப் பலமுறை முயன்றும் முளைக்கவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் விடப்பட்டபோதுதான் அது வளர்ந்து தென்பட்டது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டன. அவருக்கு அல்சர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள், வந்தது அழற்சிதான். அதன் பிறகும் பத்தாண்டுகள் சென்று, 1994இல்தான் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் கருத்தொருமைப்பு மாநாடு, கிருமி உள்ள அல்சர் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு 2005இல் கிடைத்தது.

இந்த வரலாற்றால் நமக்கு என்ன ஆதாயம் என்றால், அல்சர் இன்று குணமாகக்கூடிய நோய். கிருமியை முழுமையாக ஒழித்துவிட்டால் புண் திரும்புவது அரிதாகிவிடுகிறது. எனவே முதல் வேலை, கிருமி இருக்கிறதா என்று அறிவது. எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்ப்பது) செய்யும்போதே சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிக்கலாம். இல்லையெனில் மூச்சுச் சோதனை இருக்கிறது: அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கச் செய்கிறார்கள், கிருமி தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்வதற்காகச் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி அதை உடைத்தால், அந்தக் கார்பன் நம் மூச்சுக்காற்றில் வெளிவருகிறது. மலச் சோதனையும் நம்பகமானதே. இவற்றுக்கு முன்பு ஆன்டிபயாடிக், பிஸ்மத் (வயிற்றுக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் ஓர் உலோக உப்பு மருந்து) ஆகியவற்றை நான்கு வாரங்களும், அமிலச் சுரப்பை அடக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரங்களும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். எத்தனையோ பேருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதே இல்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தை இரத்தத்தில் பார்க்கும் சோதனை, கிருமி ஒழிந்து நெடுநாள் ஆன பின்பும் இருப்பதாகவே காட்டும் என்பதால், குணமானதை உறுதிசெய்ய அது பயன்படாது.

கிருமி ஒழிப்புச் சிகிச்சை பெரும்பாலும் 14 நாட்கள். எனக்குக் கொடுத்தது நான்கு மருந்துக் கூட்டு: அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். கிளாரித்ரோமைசின் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டுதான் முன்பு பரவலாக இருந்தது. அம்மருந்துக்குக் கிருமி பல நாடுகளில் பழகிவிட்டதால், அதற்குக் கட்டுப்படும் என்று தெரியாத நிலையில் பிஸ்மத் கூட்டையே முதலில் கொடுக்கும் போக்கு வளர்ந்துள்ளது. இந்த இரண்டு வாரங்கள் இனிமையானவை என்று சொல்ல மாட்டேன். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையை ஒட்டவைத்துவிடும். எதைத் தின்றாலும் நாணயத்தை நக்கியது போலவே இருக்கும். அதை எடுக்கும்போது மது கூடாது என்பது வழக்கமான எச்சரிக்கை. பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும். இதை முன்கூட்டியே அறிந்திராதவர் இரத்தக் கசிவு என்று பதறிவிடுவார். டெட்ராசைக்ளினைப் பாலுடனோ கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுடனோ சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் சேராமல் வீணாகும். வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று மாத்திரையைப் பாலில் விழுங்குவோருக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அம்மருந்தே ஆகாது.

ஒரு நாளில் இத்தனை மாத்திரைகளா என்று மலைத்துப் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. எரிச்சல் முதல் வாரத்திலேயே குறைந்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் எரிச்சலைக் குறைத்தது அமிலத்தை அடக்கும் மாத்திரை. கிருமி இன்னும் உள்ளே இருக்கலாம். அரைகுறையாகத் தாக்கப்பட்ட கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால் அடுத்த சுற்றில் வேறு மருந்துகளைத் தேட வேண்டியிருக்கும். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். வலி போய்விட்டதே, இனி எதற்குச் செலவு என்று பலர் தவிர்க்கும் சோதனை இது. என்னைக் கேட்டால் முதல் சோதனையைவிட இதுவே முக்கியம். இக்கிருமியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்றாலும், இருப்பது தெரிந்த பின் விட்டுவைக்க வேண்டியதில்லை. இரைப்பையில் புண் இருந்தவர்களில் பலருக்கு, அது ஆறிவிட்டதா என்று சில வாரங்கள் கழித்து மீண்டும் எண்டோஸ்கோபி செய்து பார்ப்பதும் அது புற்றுநோயாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான். முன்சிறுகுடல் புண்ணில் அந்த அச்சம் அநேகமாக இல்லை.

ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை நாம் எடுத்துக்கொள்ளும் விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவை, இரைப்பைச் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் பம்புகளில் இயங்கிக்கொண்டிருப்பவற்றை மட்டுமே அடைக்க வல்லவை. உணவு வரும்போதுதான் பம்புகள் பெருமளவில் விழித்தெழுகின்றன. எனவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்கினால்தான் மருந்து சரியான தருணத்தில் இரத்தத்தில் இருக்கும். சாப்பிட்ட பின்போ, எரியும்போது மட்டுமோ போட்டுக்கொண்டு, மாத்திரை கேட்கவில்லை என்று குறைப்படுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். முழுப் பயன் தெரியச் சில நாட்கள் ஆகும். முன்சிறுகுடல் புண் ஆற ஏறக்குறைய நான்கு வாரங்களும், இரைப்பைப் புண் ஆற எட்டு வாரங்களும் பிடிக்கும். அதற்கு மேலும் இதையே காலை வழக்கமாக்கிக்கொள்வதற்குத் தக்க காரணம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு மெக்னீசியமும் பி12 வைட்டமினும் குறையக்கூடும். திடீரென நிறுத்தினால் அடங்கிக் கிடந்த சுரப்பு சில வாரங்கள் வரம்பு மீறிப் பொங்கும். வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லாத தன்னார்வலர்களுக்குச் சில வாரங்கள் இதைக் கொடுத்து நிறுத்தியபோது அவர்களில் பலருக்கும் நெஞ்செரிச்சல் வந்தது. அதை நோய் திரும்பியதாக எண்ணி மீண்டும் மாத்திரைக்கே போவதால்தான் பலரால் இதிலிருந்து வெளிவர முடிவதில்லை. மருத்துவரைக் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பது எனக்குப் பலனளித்தது.

இனி வலி நிவாரணிகள். இவை இரைப்பைச் சுவரில் படுவதால் மட்டுமே அரிக்கின்றன என்று நினைப்பதால்தான், உணவுக்குப் பின் போட்டால் போதும், மேற்பூச்சுள்ள மாத்திரையாக வாங்கினால் போதும், ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குத் தொல்லையில்லை என்றெல்லாம் சொல்கிறார்கள். பெருங்கேடு இரத்தத்தின் வழியாகவே நேர்கிறது. வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் உடலின் வேதிப்பொருள்களைத் தடுக்கும் அதே மருந்து, சளிப்படலத்தையும் பைகார்பனேட்டையும் சுரக்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின்களையும் தடுத்துவிடுகிறது. ஆகவே ஊசியும் ஆபத்திலிருந்து தப்பிக்கும் வழியில்லை. ஸ்டீராய்டுடனோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துடனோ சேரும்போது ஆபத்து பெருகுகிறது. சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் உரிய அளவில் பாராசிட்டமால் இரைப்பைக்குப் பாதுகாப்பானது. இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் அல்சர் என்றதும் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதால் உயிருக்கே ஆபத்து வரக்கூடும். அதைத் தொடர்ந்துகொண்டே இரைப்பையைக் காக்க மருத்துவரிடம் வழி இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் தட்டுக்கு வருகிறேன். பத்திய உணவு புண்ணை விரைவில் ஆற்றும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பால் குடித்தால் சிறிது நேரம் இதமாக இருப்பது உண்மை. ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுவதால் எரிச்சல் திரும்பி வரும். பாலை மருந்தாக எண்ணாமல் உணவாக எண்ணினால் போதும். மிளகாயைப் பற்றி 1988இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் கிரகாமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்: காரமான உணவு உண்டவர்களின் இரைப்பையை எண்டோஸ்கோபி வழியாகப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க சிதைவு எதுவும் தென்படவில்லை, ஆஸ்பிரின் எடுத்தபோதோ சிதைவு தெளிவாகத் தெரிந்தது. இதைப் படித்தபின், என் தட்டில் காரத்தை அறவே ஒதுக்கும் வைராக்கியம் எனக்கு இல்லாமல் போனது. புண் ஆறாத நிலையில் காரம் எரிந்தால் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். எரியாதவர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

காபி அமிலத்தைத் தூண்டும். காஃபீன் நீக்கிய காபியும் தூண்டும் என்பது பலருக்குத் தெரியாது. காபியால் புண் உண்டாகும் என்று நிறுவப்படவில்லை, ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் எரிகிறது என்பது என் அனுபவம், அதனால் எதையாவது உண்ட பிறகே குடிக்கிறேன். மது வேறு, அதிக அடர்த்தியுள்ள மது சளிப்படலத்தை நேரடியாகவே சிதைக்கும். புகையிலையை ஒருவரும் சாப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஆனால் உணவுக் கட்டுப்பாடுகள் அனைத்தையும்விடப் புகைப்பதை விடுவது புண் ஆறுவதற்குப் பெரிதும் உதவும். காரத்தை ஒதுக்கிவிட்டுச் சிகரெட்டைத் தொடர்பவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சிறிது சிறிதாக அடிக்கடி உண்ண வேண்டும் என்பதும் முழுதும் சரியில்லை. ஒவ்வொரு முறை உண்ணும்போதும் இரைப்பை அமிலத்தைச் சுரக்கிறது; ஓயாமல் கொறிப்பவரின் இரைப்பைக்கு ஓய்வில்லை. முறையான இடைவெளியில், வயிறு முட்டாத அளவில் உண்பதே எனக்கு ஏற்றதாக இருக்கிறது. படுக்கப் போகும் முன் எதையாவது உண்டு வலியை அடக்கும் பழக்கம், பின்னிரவில் அமிலத்தைக் கூட்டி மறுபடி எழுப்பிவிடும். மற்றபடி காய், கனி, முழுத்தானியம் என்று நார்ச்சத்து நிறைந்த உணவு எல்லோருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. எது ஒத்துவரவில்லை என்பதைச் சில வாரங்கள் குறித்துவைத்துப் பார்த்தபோது, ஊரார் சொன்ன பட்டியலில் பாதிக்கு மேல் எனக்குப் பொருந்தவில்லை. பயந்து பயந்து உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் உடல் மெலியும், சத்துக் குறையும். இரத்தம் கசிந்து ஏற்கெனவே சோகை பிடித்திருப்பவருக்கு அது மேலும் கேடு.

மன உளைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. கிருமி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதற்குப் பங்கே இல்லை என்று சொல்வது நாகரிகமாகிவிட்டது. 1995இல் ஜப்பானின் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே வயிற்றுப்புண் நோயாளிகள் கூடியதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உளைச்சல் தனியே நின்று புண்ணை உண்டாக்குவதைவிட, மற்ற காரணங்களுக்குக் கைகொடுக்கிறது என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். உளைச்சலில் இருப்பவர் தூக்கம் கெடுகிறார், புகைக்கிறார், தலைவலி மாத்திரைகளை விழுங்குகிறார். மன அமைதி வேண்டும்தான். ஆனால் கிருமிச் சோதனைக்குப் பதிலாக அதைச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடிக்கும் மலம், காபித்தூள் நிறத்தில் அல்லது இரத்தமாக வாந்தி, எழுந்து நின்றால் மயக்கம், கத்தியால் குத்தியதுபோல் திடீரென்று எழுந்து வயிற்றைப் பலகைபோல் இறுக்கும் வலி, உண்டது இறங்காமல் தொடரும் வாந்தி ஆகியவை வந்தால் உணவையும் மாத்திரையையும் பற்றி ஆராயாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண் இரத்தக்குழாயை அரித்திருக்கலாம், குடலையே துளைத்திருக்கலாம், அல்லது ஆறிய தழும்பு பாதையை அடைத்திருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதைக் காரணமாக்கிச் சமாதானம் அடைந்துவிடுபவர்கள் உண்டு. தலைசுற்றலோ படபடப்போ சேர்ந்திருந்தால் அப்படி அடையக் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, நடு வயதைக் கடந்தபின் முதன்முறையாக அஜீரணம் தொடங்குவது ஆகியவற்றுக்கும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது.

கிருமி ஒழிந்தது உறுதியான பிறகும் எனக்கு அவ்வப்போது மேல்வயிற்றில் எரிச்சல் வருவதுண்டு. மேல்வயிறு எரிபவர்களில் பெரும்பாலோருக்கு எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இருப்பதில்லை. இரைப்பையின் இயக்கமும் உணர்திறனும் மாறுவதால் வரும் அஜீரணம் அது, அதற்கான சிகிச்சையும் வேறு. ஆகவே ஒவ்வோர் எரிச்சலையும் பழைய புண்ணின் கணக்கில் எழுதுவதில்லை. சில நாட்களில் அடங்கினால் விட்டுவிடுகிறேன். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போகிறேன். பல் பிடுங்கவோ மூட்டு வலிக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கும் முன்பே எனக்கு முன்பு அல்சர் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் மருந்து வாங்கும்போது, பெயர் மாறி வந்தாலும் உள்ளிருப்பது டைக்ளோஃபினாக்கா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.